பென்சிலில் ஒரு பொதுச்செயலாளர்

1. மூன்று ஷூ டப்பா

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. மேஜைமேல் மூன்று ஷூ டப்பாக்களைத் தூக்கி வைத்தார்.

"ஏம்மா ரெஜினா, இந்தியாவுல இருக்கற கட்சி பூரா இதுக்குள்ள இருக்கு. பாதி தப்பு. எந்தப் பாதின்னுதான் தெரியல. அதுக்குத்தான் உன்னை எடுத்திருக்கேன்."

எண்பதுகளின் நடுப்பகுதி அது. மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் எங்கள் பதிப்பகம் இருந்தது. வருஷத்துக்கு ஒரு பொது அறிவு இயர் புக் போடுவோம். பேங்க் பரீட்சை, ரயில்வே பரீட்சை எழுதுகிறவர்கள் வாங்குவார்கள். மலைகளின் உயரம், நதிகளின் நீளம் எல்லாம் இன்னொருவர் பொறுப்பு. மலை கட்சி மாறாது என்பதால் அவர் மதியம் நிம்மதியாகத் தூங்குவார். எனக்கு வாய்த்தது அரசியல் கட்சிகள் பகுதி.

ஒரு கட்சிக்கு ஒரு கார்டு. பெயர், தொடங்கிய வருஷம், கொடி, சின்னம், தலைவர், பொதுச்செயலாளர், அலுவலக முகவரி. டப்பாவைத் திறந்தால் முதல் கார்டில் இருந்த தலைவர் காலமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இரண்டாவது கார்டின் கட்சி மூன்றாவது கார்டின் கட்சியோடு இணைந்து, பிறகு இரண்டுமே காணாமல் போயிருந்தன. எனக்கு முன்னால் இருந்தவர் ஏன் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார் என்பது மதியத்துக்குள் புரிந்துவிட்டது.

நான் நிற்கவில்லை. காலையில் ஊரப்பாக்கத்தில் எலக்ட்ரிக் ட்ரெயின் ஏறினால் தாம்பரம் வருவதற்குள் ஒரு பேப்பரின் தலைப்புகளை முடித்துவிடுவேன். அலுவலகத்தில் இன்னும் மூன்று பேப்பர். கத்தரித்து, தேதி போட்டு, கட்சிவாரியாக உறையில் போடுவேன். ஒரு வருஷத்தில் மூன்று டப்பா எட்டு டப்பாவாயிற்று. தற்பெருமைதான், ஆனால் பொய் இல்லை: எந்தக் கட்சி எந்த ஊரில் எந்த மாடியில் இயங்குகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

2. பென்சிலும் பேனாவும்

நான் கொண்டுவந்த முறை இது. பேப்பரில் வந்த செய்தி கார்டில் பென்சிலில் ஏறும். ஆயுத பூஜை முடிந்ததும் ஒவ்வொரு கட்சி அலுவலகத்துக்கும் ஒரு ரிப்ளை கார்டு அனுப்புவேன். அவர்கள் விவரங்களை எழுதி, அலுவலக ரப்பர் ஸ்டாம்ப் குத்தித் திருப்பி அனுப்ப வேண்டும். ஸ்டாம்ப்போடு வந்துவிட்டால் பென்சிலை அழித்துவிட்டுப் பேனாவில் எழுதுவேன். பேனாவில் இருப்பது மட்டும்தான் அச்சுக்குப் போகும்.

அச்சுக் கோத்தவர் வண்டலூர் ஏழுமலை அண்ணன். என் கட்டு போனாலே அவருக்கு எரிச்சல் வரும்.

"இன்னாமா ரெஜினா, இன்னிக்கு எத்தினி கட்சி ஒடஞ்சிகீது? 'அ' எழுத்து தீந்துபோச்சு. பிரிஞ்சி வர்றவன் எல்லாம் 'அகில இந்திய'ன்னு பேரு வெச்சிக்கிறான். பெருங்களத்தூரைத் தாண்டாதவன்கூட!"

"அதை அவங்ககிட்டயே கேளுங்கண்ணா. நான் உடைக்கல."

இந்த முறையை யார் கேட்டாலும் பெருமையாக விளக்குவேன். முதலாளிகூட புத்தகத்தின் முன்னுரையில் 'ஒவ்வொரு விவரமும் நேரில் உறுதி செய்யப்பட்டது' என்று ஒரு வரி சேர்த்தார். நேரில் எங்கே உறுதி செய்தோம், தபாலில்தான். ஆனால் நானும் மறுக்கவில்லை.

3. கேளம்பாக்கத்திலிருந்து வந்தவர்

நாலாவது வருஷப் புத்தகம் கடைக்குப் போய் ஒரு மாதம் இருக்கும். ஒரு திங்கட்கிழமை, அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் ரெக்சின் பையோடு வந்து என் மேஜைமுன் நின்றார். கசங்காத சட்டை. பெயர் மாசிலாமணி. ஒரு சிறிய கட்சியின் பொதுச்செயலாளர். கட்சி எது, சின்னம் எது என்று சொல்லமாட்டேன், சொன்னால் பழைய சண்டை மறுபடி கிளம்பும்.

சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ புத்தகத்தைப் பிரித்து, பக்கத்தில் விரலை வைத்து, தாழ்ந்த குரலில் பேசினார்.

"அம்மா, இதுல பொதுச்செயலாளர்னு என் பேரு இல்லீங்க. நாங்க கட்சியை விட்டு நீக்கின ஆபீஸ் செகரட்டரி பேரு இருக்கு. அவர் தனி அணி ஆரம்பிச்சு, சின்னம் எங்களுக்குத்தான்னு டில்லியில தேர்தல் கமிஷன்கிட்ட கேட்டிருக்கார். ஆதாரமா உங்க பக்கத்தையும் வெச்சிருக்கார். வர்ற வியாழக்கிழமைக்குள்ள எங்க வக்கீல் பதில் தரணும்."

எனக்குக் கோபம்தான் வந்தது. என் கார்டைச் சந்தேகப்படுவதா? "ஐயா, நாங்க ஸ்டாம்ப் இல்லாம ஒரு வரிகூடப் போடமாட்டோம்" என்று சொல்லி டப்பாவிலிருந்து கார்டையும், அதோடு பின் குத்தியிருந்த ரிப்ளை கார்டையும் எடுத்து அவர் முன் வைத்தேன். கட்சியின் வட்டமான ஸ்டாம்ப் ஊதா மையில் பளிச்சென்று இருந்தது.

அவர் அதைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் மறக்கவில்லை.

"ஸ்டாம்ப் அசல்தாங்க. போகும்போது அவர் ஆபீஸ் சாவியை எங்ககிட்ட குடுத்துட்டாரு. ஸ்டாம்ப்பையும், உங்க கார்டோட சேர்த்து வந்திருந்த தபாலையும் எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு."

பிறகு என் கார்டைக் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "இங்க ஏதோ அழிச்சிருக்கீங்களே?"

நானும் குனிந்து பார்த்தேன். பேனா எழுத்துக்குக் கீழே பென்சில் அழுத்திய தடம் மங்கலாகத் தெரிந்தது. 'மாசிலாமணி.' அதன் பக்கத்தில், 'ஆபீஸ் செயலாளர் நீக்கம்.' இரண்டும் என் கையெழுத்து. உறையைத் திறந்தால் அந்தச் செய்தியும் கத்தரித்தபடி இருந்தது. செய்தி எனக்குத் தெரிந்திருந்தது. ஸ்டாம்ப்பைப் பார்த்த குஷியில் உண்மையை ரப்பரால் தேய்த்து ஊதித் தள்ளியவள் நானேதான். வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"தப்பு என்னுதுங்க ஐயா" என்றேன். "அந்தப் பக்கம் தப்புன்னு எனக்கு ஒரு லெட்டர் குடுத்தா போதும்மா" என்றார் அவர். வேறு எதுவும் கேட்கவில்லை.

4. இரண்டு காகிதம்

முதலாளி ஒப்புக்கொள்ளவில்லை.

"ரெஜினா, இயர் புக் ஓடறதே நம்பிக்கையிலதான். தப்புன்னு நாமளே எழுதிக் குடுத்தா, நாளைக்குக் கங்கையோட நீளத்தையும் சந்தேகப்படுவான்."

"கங்கை நீளம் தப்பா இருந்தா கங்கைக்கு ஒண்ணும் ஆகாது சார். இவருக்கு ஆகும்."

வாய் துடுக்கு எனக்கு எப்போதும் உண்டு. அன்று கொஞ்சம் அதிகமாகிவிட்டது. அவர் முகம் கறுத்தது.

"அவ்வளவு அக்கறைன்னா உன் பேர்ல எழுதிக் குடு. கூடவே ராஜினாமாவையும் எழுதி வெச்சிரு."

என் இரண்டு பிள்ளைகளும் அப்போது கான்வென்ட்டில் படித்துக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரருக்கு நிலையான வேலை இல்லை. பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பென்சில் தடத்தைப் பார்த்த பிறகு வேறு எதுவும் எழுத வரவில்லை. ஒரு காகிதத்தில் நடந்ததை நடந்தபடி எழுதினேன்: பேப்பர் செய்தி வந்தது, பென்சிலில் குறித்தேன், ஸ்டாம்ப்பை நம்பி அழித்தேன், பக்கத்தில் உள்ளது தவறு. இன்னொரு காகிதத்தில் ராஜினாமா. இரண்டையும் கொண்டுபோய் மேஜைமேல் வைத்தேன்.

முதலாளி இரண்டையும் இரண்டு தரம் படித்தார். ராஜினாமாவை மடித்து டிராயருக்குள் போட்டார். கடிதத்தைத் தன் பக்கம் இழுத்து, கீழே தானும் ஒரு கையெழுத்துப் போட்டு, எங்கள் பதிப்பகத்தின் ரப்பர் ஸ்டாம்ப்பை எடுத்து ஓங்கிக் குத்தினார்.

"சார், ஸ்டாம்ப்பா?" என்றேன்.

"ஸ்டாம்ப் இல்லாத லெட்டரை எவன் நம்புவான்? போ, போய் அந்தப் பெரியவர்கிட்ட குடு. இனிமே எங்கிட்ட கங்கை கிங்கைன்னு பேசாதே."

ஏழுமலை அண்ணன் சாப்பாட்டு நேரத்தை விட்டுவிட்டு, புத்தகத்தில் ஒட்டுவதற்கு ஒரு திருத்தச் சீட்டைக் கோத்துக் கொடுத்தார். "நாலு வரிதானேம்மா, மூஞ்சிய ஏன் தொங்கப்போட்டுகினு கீற?" என்று அவர் பாணியில் ஆறுதலும் சொன்னார். சீட்டை மிச்சமிருந்த பிரதிகளில் ஒட்டினோம், கடைகளுக்குத் தபாலில் அனுப்பினோம். யாரும் கங்கையைச் சந்தேகப்படவில்லை. ராஜினாமா டிராயரிலேயே கிடந்தது. என்னோடு வாக்குவாதம் வரும்போதெல்லாம் முதலாளி அந்த டிராயரை லேசாகத் தட்டுவார், நான் சிரித்துவிடுவேன்.

சில மாதங்களில் சின்னம் மாசிலாமணி ஐயாவின் தரப்புக்கே கிடைத்தது. எங்கள் கடிதத்தால்தான் என்று சொல்லமாட்டேன், அவர்களிடம் வேறு ஆதாரங்களும் இருந்திருக்கும். அந்த எதிரணி என் பக்கத்தை வைத்து ஜெயிக்கவில்லை. எனக்கு அது போதும்.

அன்றிலிருந்து என் மேஜையில் அழிக்கும் ரப்பர் இல்லை. பென்சில் குறிப்பு தவறென்று தெரிந்தால் குறுக்கே ஒரு கோடு, பக்கத்தில் தேதி, எங்கிருந்து வந்தது என்ற குறிப்பு. கார்டு அசிங்கமாகத்தான் இருந்தது, ஆனால் யார் வந்து கேட்டாலும் தைரியமாக எடுத்துக் காட்டினேன். தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் வந்தபோதும் பழைய பெயரின்மேல் புதிய பெயரை ஏற்ற நான் யாரையும் விடவில்லை. இன்று இதே வேலையைச் செய்கிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவதும் இதுதான்: புதியதைச் சேருங்கள், பழையது இருந்த தடத்தை விட்டு வையுங்கள்.

இந்தப் பாடம் எனக்கு மட்டும் பதிந்தது என்று நினைத்திருந்தேன். அந்தக் கடிதம் கொடுத்து இரண்டு வருஷம் கழித்து, நான் அனுப்பாமலே கேளம்பாக்கம் தபால் முத்திரையோடு ஒரு கார்டு வந்தது. சீரான கையெழுத்து.

'அம்மா, நேற்றுப் பொதுக்குழு கூடியது. பொதுச்செயலாளர் பொறுப்புக்கு வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அவர் பெயரைக் கீழே எழுதியிருக்கிறேன். இப்போதைக்குப் பென்சிலில் குறித்துக்கொள்ளுங்கள், அவரே எழுதிய பிறகு பேனா. என் பெயரைக் கோடு போட்டு அடித்தால் போதும், அழித்துவிட வேண்டாம். — மாசிலாமணி, முன்னாள்.'

ஸ்டாம்ப் இல்லை. நான் நம்பினேன். அவர் சொன்னபடியே செய்தேன்.