கசிமீரோ கோழிப்பக்கம்

ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வந்து உட்கார்ந்தார் கசிமீரோ. அடுக்களையிலிருந்து மனைவி நெரெய்தாவின் குரல் வந்தது.

“மீன் வாங்கி வச்சிருக்கேன், மீரோ. நாறினா நீதான் திங்கணும்.”

“ரெண்டு பாட்டுதான்.”

“போன தடவையும் ரெண்டு பாட்டுதான்னு சொன்ன. ஐஸ் உருகி தரையெல்லாம் குளமாச்சு.”

அந்த ஃப்ரிட்ஜின் ரீங்காரம் இரண்டு சுரங்களுக்கு நடுவில் எங்கோ நிற்கிறது என்பது அவர் வழக்கு. மேலேயும் சேராது, கீழேயும் சேராது. அது ஓடும்போது அவரால் பாட்டுக் கேட்க முடியாது. பக்கத்து வீட்டு மின்விசிறி சுருதி இறங்கிவிட்டது, எண்ணெய் விடுங்கள் என்று ஒருநாள் அவர்கள் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டு வந்தார். கல்யாண வீடுகளில் கோப்பையும் கோப்பையும் முட்டிக்கொண்டால் முகம் சுளிப்பார். லா எஸ்பினா ஊரின் பேண்டு மாஸ்டர் அவர். நகராட்சிச் சம்பளம், வருஷத்துக்கு இரண்டு வெள்ளைச் சீருடை. சீருடையை மனைவி தேய்க்க விடமாட்டார். மடிப்பு பிசகினால் தாளம் பிசகும் என்பார்.

மேசைக்கு அந்தப் பக்கம் மிக்தாலியா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். கைகளை எத்தனை சோப்புப் போட்டுத் தேய்த்திருந்தாலும் நகத்தடியில் டயர்க் கறுப்பு போகவில்லை. கோயிலுக்குப் போகிற சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். ஒரு கேசட்டை மேசையில் வைத்து, இரண்டு விரலால் அவர் பக்கமாகத் தள்ளினாள். ஜூலைக்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்வது இதுதான் முதல் தடவை. இப்போது நவம்பர்.

மிக்தாலியா பஞ்சர் ஒட்டுகிறவள். நெடுஞ்சாலை ஓரம் கடை. காற்றடித்த டயரைத் தட்டிப் பார்ப்பது அவள் தொழில். தட்டினால் பாட்டு வந்துவிடும். லாரி டயர் ஒரு குரல், கார் டயர் ஒரு குரல், சைக்கிள் டயர் ஒரு குரல். மூன்றையும் அருகருகே நிறுத்தி இரண்டு கையாலும் தட்டினால் மூன்று பந்தேரோக் கைப்பறைகள் வாசிப்பதுபோலத்தான் கேட்கும். ஊரில் எது நடந்தாலும் வெள்ளிக்கிழமைக்குள் அவள் கடையில் அது ப்ளேனா என்கிற தெருப்பாட்டு ஆகிவிடும். மேயர் திறந்து வைத்த மறுநாளே குழாயில் தண்ணீர் நின்றது, பாதிரியார் காரைத் தவறான வீட்டு வாசலில் நிறுத்தியது, பல்வைத்தியர் தம் பல்லைக் காட்ட அடுத்த ஊருக்குப் போனது. சனிக்கிழமை மதுக்கடையில் பாடுவார்கள். ஞாயிறு காலை பாதிரியாரே முணுமுணுப்பார்.

ஜூலையில் கார்மேல் மாதா திருவிழா. மீனவர்கள் சொரூபத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்க, முன்னால் பேண்டு. பேண்டுக்கும் முன்னால் கசிமீரோ, பேண்டைப் பார்த்தபடி, பின்பக்கமாக நடந்துகொண்டு. வருஷாவருஷம் அப்படித்தான். அந்த வருஷம் ரொட்டிக்கடை முனையில் மீனவர்கள் வழக்கம்போல் கடற்கரைப் பக்கம் திரும்பினார்கள். கசிமீரோ திரும்பவில்லை. பேண்டுக்காரர்கள் சொரூபத்தைப் பார்க்கிறவர்கள் இல்லை, மாஸ்டரின் கோலைப் பார்க்கிறவர்கள். மாதா கடலுக்குப் போனாள். பேண்டு நேரே போயிற்று. பொரித்த கோழி விற்கிற கடையின் அடுப்பு முதுகில் அனலாக அடித்த பிறகுதான் அவர் நின்றார். மாதா அன்று வாத்தியம் இல்லாமல் படகு ஏறினாள்.

வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்கவில்லை மிக்தாலியா. அன்று சாயங்காலமே பாட்டு வந்துவிட்டது.

கன்னித்தாயி கடல்பக்கம்
கசிமீரோ கோழிப்பக்கம்
கண்ணத் தொறந்து பாருமையா
காலு சுடுதா முதுகு சுடுதா

அதற்குப் பிறகு சந்தையில் அவர் நடந்தால் யாராவது கோழிபோலக் கொக்கரிப்பார்கள். கோழிக்கடைக்காரன் ‘பேண்டு இங்கே நிற்கும்’ என்று பலகை எழுதி மாட்டினான். வியாபாரம் ஏறியது. கசிமீரோ பஞ்சர் ஒட்ட அடுத்த ஊர் வரை போய் வந்தார்.

அப்படிப்பட்டவர் வீட்டுக்குத்தான் மிக்தாலியா வந்திருந்தாள். தலைநகர் சான் ஹுவானில் ஓர் இசைப்பள்ளி, சொந்தமாகப் பாட்டுக் கட்டுகிறவர்களை ஒரு வருஷம் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுக்கப் போகிறது. இடமும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. அவரவர் கட்டியதிலேயே சிறந்த பாட்டு ஒன்றைக் கேசட்டில் அனுப்பவேண்டும். அவரவர் ஊரில் பதவியில் இருக்கும் இசைக்காரர் ஒருவரின் பரிந்துரைக் கடிதமும் வேண்டும். லா எஸ்பினாவில் பாடாதவர் கிடையாது, ஆனால் பதவியில் இருக்கும் இசைக்காரர் ஒருவர்தான். திங்கட்கிழமைக்குள் தபாலில் சேர்க்கவேண்டும்.

“உனக்கு எதுக்கு பள்ளிக்கூடம்?” என்றார் கசிமீரோ. “ஊரே உன் பாட்டைத்தான பாடுது.”

“பாடுது, மாஸ்டர். தண்ணிக் குழாய்ப் பாட்டை சான் ஹுவான்ல ஒரு குரூப்புக்காரன் ரெக்கார்டே போட்டுட்டான். வாங்கிப் பார்த்தேன். கீழ ‘இயற்றியவர் தெரியவில்லை’ன்னு அச்சடிச்சிருக்கு.”

“போய்க் கேட்க வேண்டியதுதான?”

“கேட்டேன். எழுதின தாள் இருக்கான்னான். எனக்கு எழுதத் தெரிஞ்சது டயர் நம்பர்தான். அங்க போனா சுரம் எழுதக் கத்துக்கலாம், பதிவு பண்ணக் கத்துக்கலாம்.” சற்று நிறுத்தினாள். “உங்க பேராவது பாட்டுல இருக்கு, மாஸ்டர். என் பேரு எங்கயுமே இல்ல.”

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது.

கசிமீரோ கேசட்டைப் போட்டார். முதலில் தண்ணீர்க் குழாய்ப் பாட்டு. அடுத்தது பல்வைத்தியர். விரலால் முழங்காலில் தட்டிக்கொண்டே கேட்டார். இரண்டாவது முடிந்ததும் நிறுத்தினார்.

“நல்லாருக்கு. ஆனா உன்னோடதுல சிறந்தது இது இல்ல.”

“எனக்கு இதுதான் பிடிக்கும்.”

“பொய் சொல்லாத. அந்தப் பாட்டு எங்க?”

“எந்தப் பாட்டு, மாஸ்டர்?”

“கோழிக்கடைப் பாட்டு.”

மிக்தாலியா சட்டைப் பித்தானைத் திருகினாள். “கேசட்டைத் திருப்பிப் போடுங்க. அதுல இருக்கு. ஆனா மாத்தியிருக்கேன்.”

திருப்பிப் போட்டார். டயர் தட்டும் ஒலி, பிறகு அவள் குரல். ‘கன்னித்தாயி கடல்பக்கம், தோன் ரமோன் கோழிப்பக்கம்.’ கசிமீரோவின் விரல் முழங்காலுக்கு மேல் அந்தரத்தில் நின்றுவிட்டது.

“யாரு ரமோன்?”

“யாரும் இல்ல. ரமோன்னு நம்மூர்ல யாரும் பேண்டு வச்சிருக்கலையே. யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.”

திரும்ப ஓட்டிக் கேட்டார். இன்னொரு முறையும் கேட்டார். முகம், கோப்பைகள் முட்டிக்கொள்ளும்போது சுளிப்பதுபோல் சுளித்தது.

“நொண்டுது,” என்றார்.

“தெரியும்.”

“மீரோங்கறப்ப அந்த மீ-ல ஒரு இழுப்பு இருக்கு. அங்கதான் எல்லாரும் மூச்சு வாங்குறாங்க. ரமோன்ல மூச்சு வாங்க இடமே இல்ல.”

“பெர்னார்தோ போட்டுப் பார்த்தேன், லிசாந்த்ரோ போட்டுப் பார்த்தேன். ஒண்ணும் உட்காரல. உங்க பேரு பாட்டுக்காகவே வச்ச மாதிரி இருக்கு. நான் என்ன பண்றது?”

“எங்கப்பா வச்ச பேரு அது. கோழிக்கடைக்காக வைக்கல.”

“சரி மாஸ்டர்.”

“இன்னொண்ணு. கண்ணத் தொறந்து பாருமையான்னு இருக்கு. நான் கண்ணை மூடல.”

“மூடித்தான் இருந்த,” என்றது அடுக்களை.

“வெயில் கண்ணுல அடிச்சிது. சுருக்கிக்கிட்டேன்.”

“மூடியிருந்த, மீரோ. நான் நடைபாதையில நின்னு கையை ஆட்டினேன், கூப்பிட்டேன். சிரிச்சுக்கிட்டே போன.”

கசிமீரோ கேசட்டை வெளியே எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்து நாடாவைப் பார்த்தார், அதில் ஏதோ பழுது இருப்பதுபோல. பிறகு அவளிடம் கொடுத்தார்.

“ரமோனை அழிச்சிடு. ஞாயித்துக்கிழமை கடையில வச்சு ஒழுங்காப் பதிவு பண்ணுவோம். பேண்டோட ரெக்கார்டரை நான் எடுத்துட்டு வரேன்.”

மிக்தாலியா எழுந்தாள். வாசல் வரை போய்த் திரும்பி, “மீனைப் பாருங்க, மாஸ்டர்,” என்றாள்.

மறுநாள் மத்தியானம் தட்டச்சு இயந்திரத்தின் முன் உட்கார்ந்தார். இரண்டே விரலில் அடிப்பார், ஆனால் சீரான தாளத்தில். ‘மேற்படி நபர் கடின உழைப்பாளி, நேர்மையானவர், நீடித்த தரம் உடையவர்’ என்று அடித்தார். நெரெய்தா தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள்.

“இது டயருக்கு எழுதின மாதிரி இருக்கு.”

“பரிந்துரைன்னா இப்படித்தான் எழுதணும்.”

“அந்தப் பாட்டைக் கேக்குறவங்க ‘யாரு இந்த கசிமீரோ’ன்னு கேக்க மாட்டாங்களா? கீழ கையெழுத்துலயும் அதே பேரு இருக்கும்.”

அதை அவர் யோசித்திருக்கவில்லை. தாளை உருவி எடுத்தார். வாசலில் போய் நின்றார். தெருவில் ஒருவன் ஐஸ் வண்டி தள்ளிக்கொண்டு போனான். அவனும் அந்தப் பாட்டையேதான் சீட்டியடித்தான். கசிமீரோ திரும்பி வந்து புதுத் தாள் செருகினார். இந்தமுறை நெரெய்தாவை எட்டிப் பார்க்க விடவில்லை. முடித்தபின்தான் கொடுத்தார்.

‘ஐயா, இத்துடன் உள்ள பாட்டில் வருகிற கசிமீரோ நான்தான். சம்பவம் உண்மை. அதை இந்த ஊரில் பார்க்காதவன் நான் ஒருவனே. இந்தப் பாட்டைக் கேட்டுத்தான் அன்று என்ன நடந்தது என்று எனக்கு முழுமையாகத் தெரிந்தது. இதில் ஒரு பெயரை மாற்றலாமா என்று பார்த்தோம். மாற்றவேண்டும் என்று எனக்குக் காரணம் இருந்தது. முடியவில்லை. ஒரு பாட்டைப் பற்றி இதைவிட உயர்வாகச் சொல்ல எனக்குத் தெரியாது. இதைக் கட்டியவர் பெயர் மிக்தாலியா பெரோகால். அவருக்குச் சுரம் எழுதத் தெரியாது. சொல்லிக்கொடுங்கள்.’

நெரெய்தா இரண்டு தடவை படித்தாள். தாளை மடிக்காமல் அப்படியே மேசையில் வைத்தாள்.

“‘பார்க்காதவன்’னு போட்டிருக்க. அப்ப கண்ணு மூடித்தான் இருந்துது.”

“அது இலக்கியத்துக்காகப் போட்டது,” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பஞ்சர் கடையில் கம்ப்ரஸரை நிறுத்தினார்கள். பெரிய பந்தேரோ மிக்தாலியாவின் அக்கா புருஷன் ஹசிந்தோவுக்கு. மற்ற இரண்டும் மதுக்கடை ஆட்களுக்கு. மிக்தாலியா நின்றுகொண்டு பாடினாள், கை சும்மா இருக்க முடியாமல் ஒரு லாரி டயரின்மேல். எதிர்ப்பாட்டுக்குக் குரல் போதவில்லை. அடி சொல்கிறவளுக்குத் திருப்பிச் சொல்ல ஊர் வேண்டும், இல்லையென்றால் அது ப்ளேனா இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டார்கள். எதிர் பங்க்கில் பெட்ரோல் போட நின்றிருந்த ஒருவரும் இறங்கி வந்தார். நெரெய்தாவும் போய் நின்றாள்.

கசிமீரோ ரெக்கார்டரின் முள்ளைப் பார்த்தபடி ஒரு டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சீருடை. ஏன் அதைப் போட்டுக்கொண்டு வந்தார் என்று யாரும் கேட்கவில்லை. முதல் முறை ஒரு பஸ் கடந்தது, நிறுத்தினார். இரண்டாவது முறை ஹசிந்தோ முந்திவிட்டான், நிறுத்தினார்.

“அவசரமா உனக்கு? கோழி ஆறிப்போகுதா?” என்றார்.

முதலில் பெட்ரோல்காரர் சிரித்தார், அதன்பின் எல்லோரும். அதை அடக்கச் சற்று நேரம் ஆயிற்று.

மூன்றாவது முறை சரியாக வந்தது. எதிர்ப்பாட்டில் எல்லோருக்கும் மேலே ஒரு பெண்குரல் ஏறி நின்றது. கசிமீரோ முள்ளிலிருந்து பார்வையை எடுத்தார். நெரெய்தா. ஒரு அடியும் விடாமல், கடைசி அடிவரை தெரிந்துவைத்திருந்தாள்.

“எப்பப் படிச்ச?” என்றார் வீட்டுக்குப் போகும் வழியில்.

“ஜூலையிலயே. நீ குளிக்கிறப்ப பாடுவேன்.”

மறுநாள் திங்கட்கிழமை. காலையில் மழை பெய்து விட்டிருந்தது. மிக்தாலியா ஒரு தோட்டத்து வண்டிக்கு டயர் மாற்றப் போகவேண்டியிருந்ததால் உறையைக் கசிமீரோவே தபாலாபீசுக்கு எடுத்துப் போனார். அங்கே கவுண்டரில் குமாஸ்தா தெல்ஃபின் உட்கார்ந்திருந்தான். வரிசையில் சிலர். கசிமீரோவின் முறை வந்தது. தெல்ஃபின் உறையை எடை போட்டான், உள்ளே என்ன என்று கேட்டான், கேசட் என்றார். தெல்ஃபின் தலையை ஆட்டினான். தபால்தலைகளைக் கிழித்து ஒட்டும்போது, எதிரில் நிற்பது யார் என்ற நினைவில்லாமல், பழக்கதோஷத்தில் முணுமுணுத்தான். ‘கண்ணத் தொறந்து பாருமையா.’ பிறகுதான் நிமிர்ந்து பார்த்தான். கை நின்றது. வரிசையில் இருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

“பாருமையா-ல மேல போற,” என்றார் கசிமீரோ. “அங்க ஏறக்கூடாது. இறங்கணும்.”



கசிமீரோ மேசைப்பலகையில் விரல் முட்டியால் தாளம் போட்டு, மெல்லிய குரலில், அந்த அடியை முதலிலிருந்து கடைசிவரை பாடிக் காட்டினார். பிறகு காத்திருந்தார். தெல்ஃபின் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒருமுறை பாடினான். இறங்கினான்.

“இப்ப சரி.”

முத்திரை குத்தியாயிற்று. ரசீதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பின்னால் நின்ற பெண்ணுக்கு வழிவிட்டு விலகினார்.