மச்சான் கம்பெனி சோலார்

போன வாரம் என் வீட்டு மொட்டை மாடியை மூன்று பேர் அளந்தார்கள். மூன்று அளவு வந்தது!

மாடி ஒன்றுதான். நடுவில் இடிக்கவும் இல்லை, இழுத்துக் கட்டவும் இல்லை. முதலில் வந்த பையன் டை கட்டியிருந்தான். சிவப்பு லைட் அடிக்கும் ஒரு கருவியால் அளந்துவிட்டு, 'மூணு கிலோவாட் தாராளம் சார்' என்றான். அடுத்து வந்தவர் காலால் நடந்தே அளந்து, 'அஞ்சு போடுங்க, பின்னாடி வருத்தப்படாதீங்க' என்றார். மூன்றாவது ஆள் மாடிப்படியே ஏறவில்லை. செல்போனில் சாட்டிலைட் படத்தைத் திறந்து, விரலால் என் வீட்டைப் பெரிதாக்கிப் பார்த்து, 'சூப்பர் மாடி சார்' என்றார். அவர் விரல் வைத்திருந்தது பக்கத்து வீட்டு மாடி.

சரி, அளவை விடுங்கள். கரண்ட் போனால் சோலார் ஓடுமா? இது ஒரு சாதாரணக் கேள்விதானே? 'ஓடும்' என்றான் டை. 'பேட்டரி இல்லாம ஓடவே ஓடாது' என்றார் நடந்து அளந்தவர். 'அப்போதைக்குப் பாத்துக்கலாம் சார்' என்றார் சாட்டிலைட்.

எதைப் பார்த்துக்கொள்வது? இருட்டையா?

மானியம் எப்போது வரும், மிச்சக் கரண்டைக் கணக்கெடுக்கும் நெட் மீட்டரை யார் வைப்பார்கள், பேனல் தெற்கே பார்க்க வேண்டுமா, கிழக்கே பார்த்தால் போதுமா... ஒவ்வொருவரிடமும் பேசப் பேச எனக்கு ஏற்கெனவே தெரிந்திருந்ததும் மறந்துபோனது. இன்டர்நெட்டில் விமர்சனம் பார்த்தேன். ஒரே கம்பெனிக்கு ஒருவர் ஐந்து நட்சத்திரம் கொடுத்து 'நைஸ்' என்று எழுதியிருக்கிறார். அடுத்தவர் ஒரு நட்சத்திரம் கொடுத்து மூன்று பக்கத்துக்குத் திட்டியிருக்கிறார். இதில் யார் கஸ்டமர், யார் கம்பெனிக்காரர், யார் எதிர்க் கம்பெனிக்காரர்? அந்தக் கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

இவ்வளவு கூத்தையும் என் மனைவி வளர்மதி பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் சொன்னாள்.

"எதுக்குங்க இந்த அலைச்சல்? நம்ம மாதேஷ் இருக்கறான்ல?"

மாதேஷ் என் மச்சான். வளர்மதியின் ஒரே தம்பி. தருமபுரி டவுனில் ஒரு சோலார் கம்பெனியில் வேலை. கஸ்டமர் பிடிப்பதும் அவன்தான், வேலை நடக்கும் இடத்தில் நிற்பதும் அவன்தான். அவன் ஞாபகம் எனக்கு வரவில்லையா? வந்தது. வந்ததால்தான் வெளியே அலைந்துகொண்டிருந்தேன்.

ஏன் என்று கேட்கிறீர்களா? வருகிற தை மாதம் எங்கள் மகள் நிவேதாவுக்குக் கல்யாணம். தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுத்து, கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வர வேண்டும். அந்தத் தாய்மாமன் மாதேஷ். இப்போது 'உன் கம்பெனி வேண்டாம்' என்று சொன்னால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வான். 'சரி' என்று சொல்லி, நாளைக்கு அது ஓடவில்லை என்றால்? மணவறைக்குப் பெண்ணை அழைத்து வருகிறவனிடம், 'மாப்ள, இன்வெர்ட்டர்ல சிவப்பு லைட் எரியுது' என்றா சொல்ல முடியும்? வேண்டாம் என்றாலும் உறவு போகும், வேண்டும் என்றாலும் உறவு போகும். இந்த இடத்தில் எந்த எக்ஸ்பெர்ட்டும் எனக்கு உதவிக்கு வரவில்லை.

கடைசியில் ஒன்று தோன்றியது. எங்கள் பக்கம் மாப்பிள்ளை பார்த்தால், ஜாதகத்தோடு விடமாட்டோம். அந்த ஊருக்கே போய் விசாரிப்போம். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஒரு சம்பந்தத்தைக் கெடுத்த பாவம் எதற்கு என்று, தினம் குடித்துவிட்டு விழுகிறவனைக்கூட 'தங்கமான பையன்' என்பார்கள். அதனால் பெரியவர்கள் கடைசியாக ஒரு கேள்வி போடுவார்கள். 'உங்க வூட்டுப் பொண்ணா இருந்தா குடுப்பீங்களா?' அங்கே உண்மை வந்துவிடும். வாயில் வராது, முகத்தில் வரும்.

சோலாருக்கும் அதையே செய்தால் என்ன?

எங்கள் ஊர் அதியமான்கோட்டையில் பஸ் ஏறினேன். பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருக்கும் ஒருவர் வீட்டில் மாதேஷ் கம்பெனிதான் சோலார் போட்டிருக்கிறது. மண்டிக்காரர் என்றே வைத்துக்கொள்வோம், பெயர் எதற்கு? நானும் சோலார் போடப்போகிறேன், பார்க்க வந்தேன் என்றேன். மச்சான் விஷயத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை.

"நல்லா இருக்குதுங்க. ஒரு கொறையும் சொல்ல முடியாதுங்க" என்றார். பேச்சோடு பேச்சாக, மருமகன் பாப்பிரெட்டிப்பட்டியில் வீடு கட்டுவதையும் சொன்னார்.

மாடியைப் பார்க்கலாமா என்று கேட்டேன். "வெயிலுங்க, மேல எதுக்கு? மோரு குடியுங்க" என்றார் அவர் மனைவி. நான் பிடிவாதமாக ஏறினேன்.

பேனல்கள் நீலமாக மின்னின. ஆனால் ஸ்டாண்டின் ஒரு கால் தண்ணீர்த் தொட்டித் தூணோடு சேர்த்துக் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. தோட்டத்தில் தக்காளிச் செடியை நிமிர்த்திக் கட்டுகிற அதே கயிறு.

"இது என்னங்க?"

"ஆடி மாசக் காத்துல கொஞ்சம் ஆடுச்சுங்க. கட்டிவுட்டுட்டோம். இப்ப ஆடறதில்லீங்க. மத்தபடி ஒரு கொறையும் இல்லீங்க."

கீழே வாசலில் அவர் பேரப் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நேர் மேலேதான் அந்தக் கயிறு.

"உங்க மருமகன் பாப்பிரெட்டிப்பட்டியில வீடு கட்டறார்னு சொன்னீங்களே... அங்கயும் இந்தக் கம்பெனியத்தான சொல்லுவீங்க?" என்று என் கேள்வியைப் போட்டேன்.

மண்டிக்காரர் கயிற்றின் முடிச்சை ஒருமுறை இறுக்கினார். அப்புறம் வானத்தைப் பார்த்தார்.

"அது வந்துங்க... மருமகனுக்குத் தெரிஞ்ச ஃப்ரெண்டு ஒருத்தரு இருக்கறாருங்க."

கீழே இறங்கியதும் அவர் மனைவி மோர் டம்ளரை நீட்டிக்கொண்டே சொன்னார். "மாதேஷு நல்ல பையனுங்க. போன் பண்ணா எடுப்பான். வர்றேன்னு சொல்லுவான். வரமாட்டான், அவ்வளவுதாங்க. நீங்க அவன் மாமாதானுங்களே? புஸ்தகத்துல எழுதறவருன்னு அவனே சொல்லியிருக்கறான். உங்க போட்டோவ வாராவாரம் பாக்கறேனுங்க."

மோர் புரையேறியது. துப்பறியப் போகிறவன் வாரா வாரம் போட்டோ போட்டுக்கொள்ளக் கூடாது.

வீடு திரும்பினேன். வளர்மதி வாசலிலேயே நின்றாள்.

"பாலக்கோட்டுல தக்காளி என்ன வெலைங்க?"

முடிந்தது கதை. அந்த அம்மா போன் போட்டு மாதேஷிடம் சொல்ல, அவன் அக்காவிடம் சொல்ல, என் பஸ்ஸுக்கு முன்னால் செய்தி வந்து உட்கார்ந்திருந்தது.

"எந்தம்பியப் பத்தி ஊர்ல போயி விசாரிக்கிறீங்களா? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா? இப்ப வர்றான் அவன். நேராவே கேட்டுக்குங்க."

நான் கயிற்றைப் பற்றிச் சொன்னேன். பேரப் பிள்ளைகளைப் பற்றியும் சொன்னேன். அவள் காதில் வாங்கிய மாதிரியே தெரியவில்லை.

மாலையில் மாதேஷ் வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு, நேராக மாடிக்குப் போனான். நாங்களும் பின்னால் ஏறினோம். அவன் அளக்கவில்லை. கைப்பிடிச் சுவர் ஓரமாக நின்று ஹைவேயைப் பார்த்தான். அங்கிருந்து காற்று விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

"மாமா ஏதோ சந்தேகப்படறாரு" என்று வளர்மதியே ஆரம்பித்தாள். "அவரு முன்னாடியே சொல்லுடா. நம்ம வூட்டுக்கு நல்லாப் போட்டுத் தருவீல்ல?"

அவள் குரலில் அவ்வளவு பெருமை. இதோ இப்போது என் வாயை அடைக்கப்போகிறான் தம்பி என்ற பெருமை.

அவன் இன்னும் ஹைவேயையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கே சங்கடமாகிவிட்டது. 'விடு மாப்ள' என்று சொல்ல வாயெடுத்தேன்.

"அக்கா... நீ வேற கம்பெனியப் பாரு" என்றான்.

"என்னாடா சொல்ற?"

"முன்ன கனமான ஸ்டாண்டு வந்துட்டிருந்துது. இப்ப வர்றது லேசு. ஆபீசுல சொல்லிப் பாத்தேன். கஸ்டமரு என்ன மேல ஏறி ஆட்டியா பாக்கப் போறாருன்னு கேக்கறாங்க. உன் வூடு காத்து மேடு. வேண்டாங்க்கா."

எனக்கு நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் பொய் இல்லை. அப்பாடா, உறவும் பிழைத்தது, மாடியும் பிழைத்தது! மச்சானைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் வளர்மதி நின்ற இடத்திலேயே நின்றாள்.

"அப்ப ஊரான் வூட்டுக்கெல்லாம்?"

மாதேஷ் தலை குனிந்தான்.

"எல்லாத்தையும் என்னால சரி பண்ண முடியுமாக்கா? நான் சம்பளத்துக்கு இருக்கறவன்."

"எல்லாத்தையும் நான் சொல்லல. அந்த மண்டிக்காரரு வூட்டு மாடியில கயிறு போட்டுக் கட்டியிருக்குதாமே? கீழ கொழந்தைங்க வெளையாடுதாமே? மொதல்ல அதச் சரி பண்ணு. பண்ணிட்டு வந்து என் பொண்ணுக்கு மால எடுத்துக் குடு. இல்லீன்னா வராத."

இத்தனை வருஷத்தில் அவள் அவனிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவன் சாப்பிடாமல் போனான். அவள் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று தெரிந்தது. உறவைக் காப்பாற்ற நான் ஊர் ஊராக ஒளிந்து திரிந்தேன். அவள் அதைத் தூக்கி நடு மாடியில் வைத்துவிட்டாள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அவளை நினைத்துப் பெருமையாகவும் இருந்தது.

அந்த வாரக் கடைசியில் பாலக்கோட்டிலிருந்து போன் வந்தது. மண்டிக்காரர்தான். மாதேஷ் லீவு போட்டுவிட்டு, ஒரு வெல்டரைக் கூட்டிக்கொண்டு போய், புது இரும்பில் ஸ்டாண்டை மாற்றி நிறுத்தியிருக்கிறான். கயிறு மறுபடியும் தக்காளித் தோட்டத்துக்கே போய்விட்டதாம். வளர்மதியிடம் சொன்னேன். 'ம்' என்றாள். சாயங்காலம் தம்பிக்குப் போன் போட்டு, கல்யாணப் பட்டுப் புடவை எடுக்க எப்போது வருகிறாய் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

எல்லாம் சுபம்தானே? எனக்குத்தான் குழப்பம் தீரவில்லை. மாதேஷ் இன்னும் அதே கம்பெனியில்தான் இருக்கிறான். நாளைக்கும் யாரோ ஒருவர் மாடியில் லேசான ஸ்டாண்டைத்தான் நிறுத்துவான். என்னிடம் உண்மை சொன்னவனும் அவன்தான், அவரிடம் சொல்லாமல் இருக்கப்போகிறவனும் அவன்தான். இவனை நம்பகமானவன் கணக்கில் சேர்ப்பதா, வேண்டாமா? சேர்த்தால் அந்த யாரோ ஒருவருக்கு நான் என்ன பதில் சொல்வது?

'நல்ல சோலார் கம்பெனி ஒன்று சொல்லுங்கள்' என்று உங்களில் சிலர் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். எனக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும் செய்யுங்கள். உங்கள் வீட்டுக்கு விற்க வருகிறவருக்கு அக்கா இருந்தால், அந்த அக்கா வீட்டு மொட்டை மாடியைப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

எங்கள் மாடி காலியாகத்தான் இருக்கிறது.