லாயத்தில் மணவறை

எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அதோடு நிற்காமல் கட்டடக்கலையும் படித்தேன். வேலையில் சேர்ந்ததும் கையில் கிடைத்த முதல் பெரிய கட்டடம், துன் ஏரிக்கு மேலே மேட்டில் உள்ள பழைய மாளிகை ஒன்றின் குதிரை லாயம். அதை விழா மண்டபமாக மாற்ற வேண்டும். ஒரு குளிர்காலம் முழுவதும் தூண் தூணாக அளந்து வரைந்தேன். என் கலியாணம் இங்கேதான் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

மண்டபம் திறந்தபின் அம்மாவிடம் சொன்னபோது அவர் மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

“குதிரை கட்டின இடத்திலயோ?”

“இப்ப குதிரை இல்லையம்மா.”

“சனத்துக்கு அது தெரியுமோ? பெட்டையைப் படிப்பிச்சுப்போட்டு லாயத்தில வச்சுக் கட்டிக் குடுக்கினம் எண்டு எங்கட ஓல்டன் ஊர் முழுக்கக் கதைக்குங்கள்.”

“மாப்பிள்ளை குதிரையிலயே வரலாம். நிப்பாட்ட இடம் தேடத் தேவையில்லை” என்றார் அப்பா. அம்மா கத்தியோடு திரும்பிப் பார்த்ததும் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

அம்மா சம்மதிக்காமல் எங்கள் வீட்டில் கலியாணம் நடக்காது. “ஒருக்கா வந்து பாருங்கோ. பிடிக்காட்டி நீங்கள் சொல்லுற மண்டபத்தையே எடுப்பம்” என்று கெஞ்சினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவருமாக ரயிலேறினோம்.

பேருந்திலிருந்து இறங்கியதும், “மாளிகை இதுதானோ?” என்றார் அம்மா. அவர் பார்த்துக்கொண்டிருந்தது லாயத்தைத்தான். நீண்ட வெளிர்மஞ்சள் சுவர், மூலைகளில் பச்சை கலந்த சாம்பல் நிறக் கற்கள், நடுவில் வண்டியோடு குதிரைகள் நுழையக்கூடிய வளைவு வாசல்.

“எங்கட வீட்டை விட குதிரைக்கு வசதி” என்றார் அப்பா.

உள்ளே இரண்டு வரிசைக் கல்தூண்கள். அவற்றின் மேல், காற்று நிறைந்த கப்பல் பாய்களைப் போல மெல்ல வளைந்த கல் கூரை. அரைவட்ட ஜன்னல்கள் உயரத்தில் இருக்கின்றன. வெளிச்சம் நேரே குதிரையின் கண்ணில் அடிக்கக் கூடாது என்பதற்காக. தரை கண்ணுக்குத் தெரியாத அளவு சரிந்து, நடுவிலுள்ள கால்வாயில் தண்ணீரைச் சேர்க்கும். அழகுக்கென்று எதுவும் சேர்க்கப்படவில்லை. ஆனாலும் அந்த வாசலில் நுழையும்போதெல்லாம் என் குரல் தானாகத் தணிந்துவிடும்.

அம்மா கைப்பையை நெஞ்சோடு பிடித்தபடி நடந்தார். மூக்கை இழுத்துப் பார்த்தார். “மணக்கேல்லை” என்றார், ஏதோ ஏமாந்தவர் போல. பிறகு மேலே பார்த்தார். “லாயத்துக்கு ஏன் இவ்வளவு கல்லு?”

“மேல்தளத்தில வைக்கோல் அடுக்கி வைச்சிருந்தவை. கீழ விளக்கிலயிருந்து நெருப்பு மேல போகக் கூடாது. மேல பத்தினாலும், குதிரைகளை வெளியில கொண்டு போகுமட்டும் இந்தக் கல்லு தாங்கும்.”

அம்மா நின்றுவிட்டார். “அப்ப, இஞ்ச நெருப்பு மூட்டலாமோ?”

எனக்கு உடனே புரிந்தது. அக்காவின் கலியாணத்தில் ஐயர் ஓமகுண்டத்தில் நெய் விட்டதும் மண்டபத்தின் எச்சரிக்கை மணி அலறியது. மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் அப்வார்ட் ஓடிவந்து நெருப்பை நுரையடித்து அணைத்தார். தீயணைப்பு வண்டியும் வந்தது. அக்காவுக்குத் தாலி ஏறியது பட்டரி விளக்கின் முன்னால். அந்த வீடியோவை அம்மா ஒருநாளும் போட்டுப் பார்த்ததில்லை.

வாசலில் நின்ற பொறுப்பாளர் பெண்ணிடம் ஜெர்மனில் கேட்டேன். கல்தரையில் சிறிய நெருப்பு மூட்டலாம், இரண்டு கதவுகளும் திறந்திருக்க வேண்டும், தீயணைப்பானோடு ஓராள் பக்கத்தில் நிற்க வேண்டும், இந்தத் தளத்திலுள்ள எச்சரிக்கை மணியை அந்த நேரத்துக்கு நிறுத்தி வைப்போம் என்றார்.

“நெய் விடலாமோ எண்டும் கேள்.”

கேட்டேன். அந்தப் பெண் சிரித்துவிட்டு, கொஞ்சமாக விடலாம் என்றார்.

அம்மா சுற்றிலும் பார்த்தார். “கிழக்கு எந்தப் பக்கம்?”

யோசிக்காமல் கையை நீட்டினேன். அம்மா அந்தப் பக்கத் தூணடியில் கைப்பையை வைத்தார். “மணவறை இதில. தூணுகளுக்கு வெள்ளைச் சீலை சுத்துவம்.”

“தூணில ஒரு துண்டுச் சீலையும் சுத்த விடமாட்டன்.”

“சரி, உன்ர தூண். ஆனா அழைப்பிதழில லாயம் எண்டு போடாதை.”

“போடுவன்.”

அதற்குள் அப்பா தொலைபேசியில் சித்தப்பாவோடு கதைக்கத் தொடங்கிவிட்டார். “ஓமடா, குதிரை லாயம்தான். மகள் வரைபடம் கீறினது.”

“நெருப்புக்குப் பயமில்லை எண்டும் சொல்லுங்கோ” என்றார் அம்மா.