ஒரு செகண்டும் ஒரு முட்டியும்

போன வாரம் தி.நகரில், மெட்ரோ வேலைக்குத் தோண்டிப் போட்டிருந்த ஒரு தெருவில் நான் வந்த டாக்ஸி சேற்றில் மாட்டிக்கொண்டது. டிரைவர் மிதிக்க மிதிக்க இடது சக்கரம் மட்டும் வெறி பிடித்துச் சுற்றியது. வலது சக்கரம் எனக்கென்ன என்று நின்றது. தள்ள வந்தவர்களில் ஒருவர் குனிந்து பார்த்து, "லெப்டு தான் சுத்துது, ரைட்டு சும்மா கீது" என்று தீர்ப்புச் சொன்னார். அது ஏன் அப்படி என்று என்னால் ஒரு மணி நேரம் பேச முடியும். யாரும் கேட்கவில்லை. முன் ஸீட்டை யாரோ கடைசிவரை பின்னால் தள்ளிவிட்டுப் போயிருந்தார்கள். என் முழங்கால் இரண்டும் அதில் இடித்துக்கொண்டிருந்தன.

அங்கே கேட்காததை உங்கள் தலையில் கட்டுகிறேன். கார் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். இரண்டையும் அதனதன் வேகத்தில் ஓட விடுகிற பெட்டிக்கு டிஃபரன்ஷியல் என்று பெயர். தங்கமான பெட்டி, ஒரே ஒரு குணக்கேட்டைத் தவிர. பிடிமானம் இல்லாமல் சும்மா சுற்றுகிற சக்கரத்துக்கே இருப்பதையெல்லாம் அள்ளிக் கொடுத்துவிடும்; தரையில் ஊன்றி நிற்கிற சக்கரத்தைத் திரும்பியும் பார்க்காது. நான் அந்த நாளில் வேலை பார்த்த அடையாறு ஆபீஸும் அப்படித்தான் நடந்தது என்பதால் எனக்கு விஷயம் சட்டென்று புரிந்துவிட்டது. இந்தக் குணத்தைத் திருத்த, கம்பெனிப் பெட்டியைக் கழற்றிவிட்டு வெளியில் வாங்கிப் போடுகிற பெட்டிதான் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்.

எங்களிடம் ஒரு பழைய கார் இருந்தது. பின்சக்கரத்தில் ஓடுவது, நீளமான மூக்கு. எங்களிடம் என்றால் என்னிடமும் ஜமீலிடமும். ஆர்.சி. புத்தகம் என் பெயரில். எஞ்சின் ஜமீல் தேடிப் பிடித்து மாட்டியது. பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சு. சிந்தாதிரிப்பேட்டையில் கியர்பாக்ஸ் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தான். கீழே கடை, மேலே வீடு. மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ரேஸ் டிராக்கில் அந்தக் காரை ஓட்டுவோம். எங்கள் பிரிவில் மூன்றாவதாக வருகிறவனுக்கும் எங்களுக்கும் ஒரே ஒரு செகண்டு வித்தியாசம். அந்த ஒரு செகண்டுக்காக நான் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டு யோசித்த நேரத்தைக் கூட்டினால் ஒரு டிகிரி வாங்கியிருக்கலாம்.

மற்ற நாட்களில் அதே கார்தான் என்னை மயிலாப்பூரிலிருந்து ஆபீஸுக்குக் கொண்டு போகும். செவ்வாயும் வெள்ளியும் ஜமீலின் அம்மாவை அடையாறுக்கு பிசியோதெரபிக்குக் கொண்டு போகும். வலது முட்டியில் ஆபரேஷன் ஆகியிருந்தது அவருக்கு. பயிற்சியை விட்டுவிட்டால் முட்டி அப்படியே இறுகிவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆட்டோவில் கால் மடங்காது. எங்கள் காரின் முன் ஸீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளினால் காலை நீட்டி உட்காரலாம். ராணி மாதிரி உட்கார்ந்துகொண்டு மவுண்ட் ரோடு முழுக்க, என்னையும் மகன் போலப் பேட்டா பேட்டா என்று கூப்பிட்டு, ஜமீலைப் பற்றிப் புகார் சொல்லிக்கொண்டு வருவார். எனக்கு அந்தப் பயணங்கள் பிடிக்கும்.

அந்த ஒரு செகண்டைப் பிடித்துத் தரும் என்று நான் நம்பிய லிமிடெட் ஸ்லிப் பெட்டியைத் தேர்ந்தெடுக்க எனக்கு எட்டு மாதம் ஆனது. என் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்து முடிக்க எங்கள் வீட்டில் மூன்று மாதம்தான் ஆயிற்று. அப்போது இணையத்தில் கார்ப் பைத்தியங்களுக்கென்று ஒரு மன்றம் இருந்தது; கேள்வி போட்டால் உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் பதில் வரும். இரண்டு வகை உண்டு என்றார்கள். பல்சக்கரம் வைத்தது ஒன்று: சத்தம் போடாது, பராமரிப்பு கேட்காது, சாதுவானது, ஆனால் ஒரு சக்கரம் அந்தரத்தில் தூக்கினால் கையை விரித்துவிடும். கிளட்ச் பிளேட் வைத்தது இன்னொன்று: இரண்டு சக்கரத்தையும் கவ்விப் பிடிக்கும், டிராக்கில் புலி, ஆனால் மெதுவாகத் திரும்பும்போது கடகடக்கும், உலுக்கும். பிளேட்டிலும் ஒரு வழி, இரு வழி, ஒன்றரை வழி என்று பிரிவுகள். இதை ஜமீலிடம் விளக்கியபோது ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, "இன்னா மச்சி ஒன்றரை வழி? பாதி தூரத்துல எறக்கி வுட்ருமா?" என்று கேட்டான்.

மன்றத்தில் என்னிடமும் கேள்விகள் கேட்டார்கள். பனியில் எவ்வளவு ஓட்டுவீர்கள் என்றார் பின்லாந்துக்காரர் ஒருவர். மயிலாப்பூரில் மார்கழி மாதம் கொஞ்சம் மூடுபனி உண்டு என்று மரியாதையாக எழுதினேன். தெருவில் எத்தனை பங்கு, டிராக்கில் எத்தனை பங்கு என்றார் இன்னொருவர். பாதிக்குப் பாதி என்று கூசாமல் எழுதினேன். வருஷத்துக்கு நாலே நாலு ஞாயிறு டிராக். மீதி நாளெல்லாம் லஸ் முனை சிக்னலும் அடையாறு ஆஸ்பத்திரியும். ஆனால் அப்படி எழுத மனசு வரவில்லை. நான் யாரோ அந்த ஆளுக்கு இல்லாமல், நான் யாராக இருக்க ஆசைப்பட்டேனோ அந்த ஆளுக்குப் பெட்டி தேடிக்கொண்டிருந்தேன். ஜமீலின் அம்மாவின் முட்டியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜமீல் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான். "பல்லு வெச்சதே வாங்கு. அம்மா உக்கார்ற வண்டி." நான் தலையை ஆட்டிவிட்டு வந்து பிளேட் வகைக்கு ஆர்டர் கொடுத்தேன். பல்சக்கர வகை நம் ஆக்சிலுக்கு வராதாம் என்று அவனிடம் சொன்னேன். பச்சைப் பொய். அவன் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சரி என்றான்.

பெட்டி வந்தது, மாட்டினான். அதற்கென்று ஒரு ஆயில். மூடியைத் திறந்தால் அழுகின முட்டை நாற்றம். அந்தச் சட்டையோடு வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா பேப்பரை இறக்கி, "ஆத்துல என்னடா முட்டை வாசனை?" என்றார். நான் வெளியில் எதையோ தின்றுவிட்டு வந்ததாக நினைத்து, இரண்டு நாள் அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை.

புதுப் பெட்டியின் பிளேட்டுகள் படிய, காலி மைதானத்தில் மெதுவாக எட்டு எட்டாகச் சுற்ற வேண்டும் என்று குறிப்பில் இருந்தது. நம் ஊரில் எட்டுப் போடுவது எதற்கென்று உங்களுக்கே தெரியும். கொட்டிவாக்கத்தில் கடற்கரைப் பக்கம் ஒரு காலி மனையில் காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தேன். பத்து நிமிஷத்தில் நடைப்பயிற்சிக்காரர்கள் கூடிவிட்டார்கள். அரை டிரவுசர் போட்ட பெரியவர் ஒருவர் கூடவே நடந்து வந்து, "ஒடி, ஒடி, இன்னும் ஒடி" என்று கையைச் சுழற்றினார். கார் வேறு திருப்பத்துக்குத் திருப்பம் கடகடவென்று உலுக்கியது. கிளட்ச்சை மெதுவாக விடச் சொன்னார்கள். மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்த ஒரு அம்மா, "பயப்படாத நைனா, ரெண்டாவது வாட்டி குட்த்துருவான் லைசன்ஸு" என்று ஆறுதல் சொன்னார். ரேஸ் டிரைவரான நான் நன்றி சொல்லிக்கொண்டேன்.

எட்டுப் போட்டும் பெட்டி படியவில்லை. செவ்வாய்க்கிழமை ஜமீலின் அம்மாவை ஏற்றிக்கொண்டு அவர்கள் சந்திலிருந்து வெளியே திரும்பியதுமே கடக், கடக். அவர் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு உலுக்கலும் அந்தக் காலுக்குப் போவது முகத்தில் தெரிந்தது. லஸ் முனையில் திரும்பும்போது என்னைப் பார்த்துச் சிரித்து, "வண்டிக்கும் முட்டி வலியா பேட்டா?" என்று கேட்டார். போகப் போகச் சரியாகிவிடும் அம்மா என்றேன்.

வெள்ளிக்கிழமை ஆட்டோவில் போய்க்கொள்கிறேன் என்றார். அடுத்த வாரம், டாக்டர் இனி வர வேண்டாம் என்றுவிட்டார், கால் நன்றாகிவிட்டது என்றார். "போதுமாம் மச்சி" என்றான் ஜமீல். நாங்கள் நம்பினோம். நம்புவது வசதியாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது: செவ்வாயும் வெள்ளியும் கார் ஒர்க்‌ஷாப்பிலேயே நிற்கும், வேலை பார்க்கலாம்.

இரண்டு மாதம் கழித்து டிராக்குக்குப் போனோம். அந்த ஒரு செகண்டு கிடைத்தது. மூன்றாவது இடம், கையகலத்துக்கு ஒரு கோப்பை. அம்மாவிடம் காட்டலாம் என்று ஸ்வீட் பாக்கெட்டும் கோப்பையுமாக சிந்தாதிரிப்பேட்டைக்கு வந்தோம். வீட்டுப் படிக்கட்டின் நடுவில் அவர் உட்கார்ந்திருந்தார். முதலில் காற்றுக்கு உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் எங்களைக் கவனிக்கவில்லை. இரண்டு கையையும் ஊன்றி, குச்சி போல நீட்டிய காலை முன்னால் விட்டு, உட்கார்ந்தபடியே ஒரு படி இறங்கினார். மூச்சு வாங்கிக்கொண்டார். பிறகு இன்னொரு படி. தெருக் குழாயில் தண்ணீர் வந்திருந்தது. காலிக் குடத்தையும் ஒவ்வொரு படியாகக் கூடவே இறக்கிக்கொண்டிருந்தார்.

ஜமீல் ஓடிப் போய்த் தூக்கினான். அவர் முதலில் கோப்பையைத்தான் பார்த்தார். ஜெயித்துவிட்டீர்களா என்று கேட்டு, அதை வாங்கி முந்தானையால் துடைத்தார். அன்று நான் எங்கே பார்த்துக்கொண்டு நின்றேன் என்று நினைவில்லை.

அன்று சாயங்காலமே காரை ஜாக்கியில் ஏற்றினான். ஆயில் வடிந்துகொண்டிருந்தது, அதே முட்டை நாற்றம். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. பல்சக்கரப் பெட்டி நம் ஆக்சிலுக்கு வரும்டா, நான் பொய் சொன்னேன் என்றேன்.

"தெரியும் மச்சி. அன்னிக்கே போன் போட்டு விசாரிச்சேன்."

"அப்புறம் ஏன்டா மாட்டின?"

காருக்கு அடியிலிருந்து ஒரு போல்ட்டை என் பக்கம் உருட்டிவிட்டான். "எனக்கும் அந்த ஒரு செகண்டு வோணும்ல" என்றான்.

பழைய பெட்டியைத் திரும்ப மாட்டினோம். கார் பூனை மாதிரி திரும்பியது. அம்மாவை மறுபடியும் அடையாறுக்கு அழைத்துப் போனோம். இரண்டு மாதத்தில் இறுகினது இறுகினதுதான் என்றார் டாக்டர். அதற்கப்புறமும் அவர் முன் ஸீட்டில் உட்கார்ந்து ஜமீலைப் பற்றிப் புகார் சொன்னார், என்னைப் பற்றி ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம்.

இப்போது அம்மா இல்லை. ஜமீல் ஒர்க்‌ஷாப்பை ஊருக்கு வெளியே கொண்டு போய்விட்டான், பெருநாளைக்குப் பேசிக்கொள்கிறோம். காரை யாரோ வாங்கிப் போய் நாளாயிற்று. மன்றத்தையும் மூடிவிட்டார்கள், பாதிக்குப் பாதி என்று நான் எழுதியதைத் தேடினால் பக்கமே இல்லை என்று வருகிறது. அந்தப் பிளேட் பெட்டி மட்டும் என் பால்கனியில் செடித்தொட்டிக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது. விற்கவும் மனசில்லை, தூக்கிப் போடவும் மனசில்லை.

தி.நகரில் நாலு பேர் தள்ளியதும் டாக்ஸி சேற்றை விட்டு வெளியே வந்தது. பாண்டி பஜார் பக்கம் ஒரு சின்னச் சத்தமும் இல்லாமல் திரும்பியது. டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "கால் இடிக்குது போல சார், முன்சீட்ட கொஞ்சம் முன்னாடி தள்ளட்டா?" என்று கேட்டார்.

வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன்.