நான் தூர்த்த வெடிப்பு

எனக்கு எழுத்து லேசில் ஓடாது. மூன்றாம் வகுப்போடு நின்றவள். என்றாலும் இதை வேறு யாரையும் கொண்டு எழுதுவிக்க மனமில்லை.

வண்ணாத்திவில்லுப் பாதையில், என் வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது என் உம்மா எனக்குத் தந்த காணி. ஒரு நாள் லுஹர்த் தொழுகைக்குப் பிறகு நிலம் அதிர்ந்தது. அலுமாரிக்குள் கோப்பைகள் கிலுகிலுத்தன, அவ்வளவுதான். பின்னேரம் காணிக்குப் போய்ப் பார்த்தால் கிணற்றடியிலிருந்து மேற்கு வேலிவரை ஒரு வெடிப்பு. என் கை உள்ளே போனது.

அந்தக் கிழமைதான் என் மகளுக்குப் பேசின மாப்பிள்ளை வீட்டார் காணி பார்க்க வர இருந்தார்கள். எங்களில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் நிகாஹ். வெடித்த காணியையா காட்டுவது? செம்மண் போட்டுத் தூர்த்து, தண்ணீர் தெளித்து, மிதித்துக் கூட்டிவிட்டேன்.

அவர்களுக்கு முந்தி வந்தது நில ஆராய்ச்சிக்காரப் பிள்ளை ஒன்று, கையில் வரைபடத்தோடு. மன்னார்ப் பக்கம் கடலுக்கடியில் ஒரு காலம் நிலம் பிளந்து விலகினதாம். அந்தப் பிளவு கரைக்கும் ஏறி வருதா, இன்னும் அசையுதா என்று ஊர் ஊராகத் தேடுகிறாளாம்.

"உம்மா, சின்ன வெடிப்பெண்டாலும் சொல்லுங்க."

"என்ட காணியிலயா? என்ட காலில வேணுமெண்டா வெடிப்பிரிக்கு, பாக்குறீங்களா மகள்?"

சிரித்தாள். சிவப்புப் பென்சிலால் பக்கத்துக் காணிவரை கோடு இழுத்தாள். எங்கள் வேலியில் நிறுத்திப் புள்ளி புள்ளியாக வைத்தாள்.

"இதென்ன?"

"தெரியாத இடம் உம்மா."

தெரிந்த நான் அவள் முன்னாலேயே நின்றேன். வாய் திறக்கவில்லை.

நான் தூர்த்த அதே இடத்தில் வீடு எழும்பியது. மகளும் மருமகனும் குடியிருக்கிறார்கள், பேரப்பிள்ளைக்கு எட்டு மாசம். போன மாரிக்குப் பிறகு நடு அறைச் சீமெந்தில் நூல் மாதிரி ஒரு கீறல். சீமெந்து காய்ந்து வெடித்ததாகவும் இருக்கலாம். எனக்குத்தான் உறக்கமில்லை. மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஊருக்கெல்லாம் நியாயம் சொல்லுற நீங்களா உம்மா?" என்றாள்.

மருமகன் அந்த ஆராய்ச்சிக்காரப் பிள்ளைக்குப் போனில் கோல் எடுத்துத் தந்தார். வெடிப்பைத் தூர்த்து மறைத்ததை அவளிடம் சொன்னேன்.

"அண்டைக்கெண்டா ஒரு நாளில குழி வெட்டிப் பாத்திருப்பேன் உம்மா. இப்ப அதுக்கு மேல வீடிரிக்கே. வாசல் முத்தத்தில வெட்டிப் பாக்கலாம். நிச்சயமாச் சொல்ல ஏலாது."

"வாங்க மகள்," என்றேன்.

வருகிறேன் என்றிருக்கிறாள். அதுவரைக்கும் மகள் பிள்ளையோடு என் வீட்டில்தான் படுக்கிறாள். என்னோடு கதை குறைவு.