அப்பா பிடுங்கிய கௌபி

கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் வெக்கை, அதற்குள் ஈரச் செம்மண்ணின் மணம்: சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ விவசாயக் கல்லூரி வளாகத்தின் கண்ணாடி வீட்டை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அதுதான். இரண்டாயிரத்துகளின் தொடக்கத்தில் ஒரு கோடை விடுமுறை. எனக்குப் பத்து வயது. அங்கே செடிகளுக்குத் தண்ணீர் விட்டுத் துப்புரவு பார்க்கும் வேலையில் அப்பா சேர்ந்து இரண்டு கிழமைதான் ஆகியிருந்தது. அந்த ஊரில் பேசும் பிரெஞ்சு அவருக்குத் தெரியாது, என்னைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளில்லை, ஆகவே மகளும் மொழிபெயர்ப்பாளருமாக நானும் கூடப் போனேன்.

உள்ளே, பிரேசிலிலிருந்து வந்த லூசியா என்ற ஆராய்ச்சி மாணவி, சரிவாக நிறுத்திய மூன்று பெரிய தட்டங்களில் செம்மண் நிரப்பிச் சோளம் வளர்த்திருந்தார். ஒன்றில் சோளம் மட்டும். மற்ற இரண்டிலும் சோளத்தின் காலடியில் கௌபி என்ற தட்டைப்பயற்றுக் கொடி நிலம் தெரியாமல் படர்ந்து கிடந்தது. புலம்பெயருமுன் வன்னியில் தோட்டம் செய்த அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. "சோளத்துக்குள்ள கௌபிக்கு என்ன வேலை? தோட்டமெண்டா துடைச்சு விட்டமாதிரிக் கிடக்கோணும்" என்றபடி, நல்ல மனதோடுதான், ஒரு தட்டத்துக் கொடிகளை வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டார்.

லூசியா வந்து பார்த்தார். வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். யார் செய்தது என்று என்னிடம் கேட்டபோது, அப்பாவின் வேலை போகப்போகிறது என்றே எனக்குப் பட்டது. தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். "நான்தான் எண்டு சொல்லு பிள்ளை" என்றார் அப்பா. சொன்னேன்.

மழையில் எவ்வளவு மண் கரைகிறது என்று அளக்கத்தான் அந்தத் தட்டங்கள். எப்படியும் பெய்யவிட்டுப் பார்ப்போம் என்று லூசியா எழுந்து, மேலே ஓடிய குழாய்களைத் திறந்தார். வெளியே வெயில் எறிக்க, உள்ளே மாரி மழை. சோளம் மட்டும் நின்ற தட்டத்திலிருந்து சிவந்த தண்ணீர் வழிந்தது. அப்பா துடைத்த தட்டத்திலிருந்து அதைவிடத் தடிப்பாக, குழம்பாகவே வந்தது. கௌபி மூடிய தட்டத்திலிருந்தோ கொஞ்சத் தண்ணீர், அதுவும் தெளிவாக. துளிகள் இலையில் விழுந்து உடைந்து, அலுங்காமல் மண்ணுக்குள் இறங்குவதைக் கிட்ட நின்று பார்த்தேன். இத்தனை பெரிய மழையை இந்தச் சின்ன இலை தாங்குகிறதே என்று உடம்பெல்லாம் சிலிர்த்தது. அப்பா வழிந்த மண்ணைக் கையில் ஏந்தியபடி நின்றார். "ஒவ்வொரு மாரிக்கும் எங்கட வாய்க்கால் சிவத்து ஓடினது. நான் மழையைத்தான் ஏசினனான். மண்ணை அனுப்பினது நானெல்லோ" என்றார்.

வேலை போகவில்லை. கொடியைப் பிடுங்கினால் மண் எவ்வளவு கூடக் கரைகிறது என்று காட்டிய அந்தப் பிழையே லூசியாவுக்குப் பிடித்துப்போயிற்று. அதை இன்னொருமுறை பார்க்க, அடுத்த கிழமை மற்றத் தட்டத்துக் கொடிகளையும் பிடுங்கித் தரும்படி கேட்டார். அப்பா மறுத்துவிட்டார். "என்ர கையால இனி ஏலாது. வேலையை விட்டுப் போகச் சொன்னாலும் போறன் எண்டு சொல்லு."

பயத்தில் நான் மாற்றிச் சொன்னேன்: அப்பாவுக்கு முதுகு வலியாம். லூசியா தானே குனிந்து பிடுங்கினார்.

இப்போது அந்தக் கண்ணாடி வீடு இல்லை. அந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. ஆய்வை முடித்து ஊர் திரும்பும் நாளில் லூசியா அப்பாவைத் தேடிவந்து, முதுகில் பூசும் தைலம் ஒன்றைக் கையில் வைத்துவிட்டுப் போனார். இது என்னத்துக்கு என்று கேட்ட அப்பாவுக்கு இன்றுவரை நான் பதில் சொல்லவில்லை.