விண்மாறனின் இரண்டாவது உடம்பு

விண்மாறன் இறந்துவிட்டதாகக் கேள்விப்பட்டு, காலையிலிருந்து என் வீட்டுக்கு ஏழு போன். ஏழு பேருக்கும் நானே எடுத்து ஹலோ சொன்னதும் எதிர்ப்பக்கம், "யாரு பேசறது?" என்று ரெண்டு தரம் கேட்டார்கள்.

நான் உயிரோடுதான் இருக்கிறேன். போனது ஸ்டெல்லா அக்கா. மாமல்லபுரத்தில், நேற்று மதியம். ஹார்ட் அட்டாக்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளில் செங்கல்பட்டு லோக்கல் கேபிளில் ஞாயிறு காலை ஒரு சயின்ஸ் ஃபிக்‌ஷன் தொடர் வந்தது. ஹீரோ பெயர் விண்மாறன். வேறு கிரகத்துக்காரன். ஊரைக் காப்பாற்றிவிட்டு, வாட்டர் டேங்கில் செய்த ராக்கெட்டில் ஏறிப் போவான்.

எடுத்தது கல்யாண வீடியோ மணி அண்ணன். விண்மாறன் நான். கோர்ட் பக்கத்தில் ஜெராக்ஸ் கடையில் வேலை, தலை நிறைய சுருட்டை முடி, உடம்பு நிறைய திமிர்.

ஸ்டெல்லா அக்கா படாளத்துக்காரர். மணி அண்ணன் போகும் கல்யாணங்களில் பெண்ணுக்கு மேக்கப் போடுவார். எங்களுக்கும் மேக்கப் போட்டுவிட்டு, கேமராவுக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பார்.

பாதித் தொடரில் எனக்கு கவர்மென்ட் வேலைக்கு ஆர்டர் வந்தது. அம்மா வேண்டுதல் வைத்திருந்தார். திருப்பதிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு, லட்டோடு நேராக ஷூட்டிங்குக்கு வந்து நின்றேன்.

முந்தின வாரம்தான் சுருட்டை முடியோடு ராக்கெட்டுக்குள் ஏறியிருந்தேன். இறங்க வேண்டியது இந்த வாரம். சத்தியமாக எனக்கு அது நினைவுக்கே வரவில்லை.

மணி அண்ணன் லட்டைத் தொடவில்லை. "டேய்... ராக்கெட்டுக்குள்ள சலூனாடா வெச்சிகீறேன் நானு?"

விக் வைத்துப் பார்த்தார்கள். நாடகக் கம்பெனி விக். தோள் வரைக்கும் தொங்கியது. மகாராஜா வேஷத்துக்குச் சரியாக இருந்திருக்கும்.

அப்போது அக்காதான் சொன்னார். "அவன் கிரகத்துல உடம்பு பழசாச்சின்னா புதுசா மாத்திக்குவாங்கன்னு வெச்சிக்கோ மணி. ஆளு அதே ஆளு. உடம்புதான் வேற."

புது உடம்புக்கு யாரைப் போடுவது என்று மணி அண்ணன் கேட்டார். வசனம் முழுக்க மனப்பாடமாகத் தெரிந்தவர் அங்கே ஒருவர்தான் இருந்தார்.

என் வெள்ளி ஜாக்கெட்டைப் பிடித்துத் தைத்து அக்காவுக்குப் போட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

"சேகரு, பேசறதுக்கு முன்னாடி நெஞ்சுல ரெண்டு தட்டு தட்டுவியே... அது எந்தக் கையிடா?" என்று வந்து கேட்டார். தெரியாது என்றேன். அவ்வளவு நல்லவன் நான். அக்கா பழைய டேப்பைப் போட்டுப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டார். இடது கை.

மணி அண்ணனின் வீடியோ மிக்சர் மெஷினில் இருந்ததெல்லாம் கல்யாண எஃபெக்ட். அதனால் என் பழைய உடம்பு ஒரு பெரிய ஹார்ட்டுக்குள், ரோஜா இதழ் கொட்டக் கொட்டக் கரைந்தது. அதே ஹார்ட்டுக்குள்ளிருந்து ஸ்டெல்லா அக்கா வந்தார். மறுநாள் டீக்கடையில் ஒருவர், "இன்னா நைனா, உனக்கும் அந்தப் பொண்ணுக்கும் கண்ணாலமா? சொல்லவே இல்ல?" என்றார்.

தொடர் பார்க்கிற பிள்ளைகள் அக்காவை ஏற்கவே மாட்டார்கள், முடி வளர்ந்ததும் என்னைத்தான் கூப்பிடுவார்கள் என்று இருந்தேன். தினமும் கண்ணாடியில் தலையைப் பார்ப்பதுதான் வேலை. நான்கைந்து மாதத்தில் சீப்பு நிற்கும் அளவுக்கு வந்துவிட்டது. விண்மாறனைத் திரும்பக் கேட்டு வாங்கிவிடுவது என்று கிளம்பினேன்.

அன்றைக்கு ஷூட்டிங் மாமல்லபுரத்தில் ஒரு கல்பட்டறையில். பாதி செதுக்கிய சிலைகள்தான் வேற்றுக்கிரகத்து ஜனங்கள். எக்ஸ்கர்ஷன் வந்த பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள் அக்காவைச் சுற்றி நின்று, "விண்மாறா! விண்மாறா!" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். பழக்கதோஷம், நானும் திரும்பினேன்.

ஒரு குட்டிப் பெண் என்னையே பார்த்தாள். பிறகு அக்காவின் ஜாக்கெட்டை இழுத்து, "விண்மாறா... அது உன் பழைய உடம்பா?" என்றாள்.

அக்கா என்னைப் பார்த்தார். இடது கையால் நெஞ்சில் ரெண்டு தட்டு.

"ஆமா பாப்பா. நல்ல உடம்பு அது. இந்தத் தட்டு, நடை, சிரிப்பு... எல்லாம் அதுக்குள்ள இருந்தப்போ கத்துக்கினதுதான்."

எந்தக் கை என்றுகூடச் சொல்லாதவனைப் பற்றி... எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கேட்க வந்ததைக் கேட்கவில்லை. சாயந்திரம் வரைக்கும் அக்கா முகத்தில் வெளிச்சம் விழும்படி தெர்மோகோல் பிடித்தேன். கை வலித்தது. சந்தோஷமாக இருந்தது.

அப்புறம் வீட்டுக்கு வீடு பெரிய சேனல்கள் வந்தன, எங்கள் தொடர் நின்றது. அக்கா அதே கல்பட்டறை அந்தோணி அண்ணனைக் கட்டிக்கொண்டு மாமல்லபுரத்திலேயே பார்லர் வைத்தார்.

போனை எடுத்தால் ஹலோ எல்லாம் கிடையாது. "பழைய உடம்பு எப்டி கீது?"

"முடியெல்லாம் கொட்டிப்போச்சுக்கா."

"புது உடம்புக்கு சுகர் வந்துட்ச்சிடா..." என்று அப்படிச் சிரிப்பார்.

இன்று மாமல்லபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். வெள்ளி ஜாக்கெட் போட்ட போட்டோ. கீழே பெரிய எழுத்தில்: ஸ்டெல்லா (எ) விண்மாறன். ஏழு போனும் எதனால் வந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

அந்தோணி அண்ணன் என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். "அவ எப்பவோ சொல்லி வெச்சாப்பா, அந்தப் பேரப் போடணும்னு. ஆனா சேகரு கீறான், அவனாண்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் போடுன்னா... அழுதுகினே இருந்தேனா, கேக்க மறந்துட்டேன்."

"அக்கா பேருதாண்ணே அது" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொல்லிவிட்டேன். என் போஸ்டரிலும் அந்த (எ) வர வேண்டும். இப்போதைக்கு அவசரமில்லை.

அக்கா, உங்களுக்காக என் நெஞ்சில் இடது கையால் ரெண்டு தட்டு.

போய் வா விண்மாறா... பழைய உடம்பு இங்கே சௌக்கியம்.